குருவம்மாளும் உள்ளூர்ச் செய்தியும்

குருவம்மாள் எட்டாவது வரை படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே, ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அவர்களுடைய காலனியில், எண்பதுகளின் தொடக்கத்தில் அவ்வளவு படித்த பெண் வேறு யாரும் கிடையாது. அந்தப் படிப்பு அவளுக்கு ஒரு வேலையும் வாங்கித் தரவில்லை. மற்றப் பெண்களைப் போலத் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கினாள். காலையில் சோறு வடித்து இறக்கியதும் ஆறேழு பேர் குச்சி அடுக்குகிற மரச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே வேப்பமர நிழல் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுவரின் நிழல்தான் பத்து மணி வரைக்கும் விழும்.

அவள் பேப்பர் வாசிக்கத் தொடங்கியதற்கு ராக்கப்பனின் தோள்பட்டைதான் காரணம்.

ராக்கப்பன் அவள் புருஷன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். ஒரு கோடையில் கண்மாய் வற்றி அழிந்தபோது, ஊர்க்காரர்கள் பிடித்துப்போக மிச்சமிருந்த சேற்று மீனை அரிக்கக் காலனி ஆட்கள் இறங்கினார்கள். கரையிலிருந்து கம்போடு வந்தவர்கள் அடித்து விரட்டினார்கள். ராக்கப்பனுக்குத் தோள் எலும்பு விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ரோட்டோர டீக்கடையில் குருவம்மாள் வடை வாங்கினாள். வடை மடித்திருந்த தாளில் அவர்கள் கண்மாயின் பேர் இருந்தது. "மீன் பிடிப்பதில் இரு தரப்பினர் மோதல். அரிசன காலனியைச் சேர்ந்த சிலர் காயம்."

அந்தக் கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துத்தான் வாசிப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முடித்த பிறகு, வெளியே நின்று தனித் தம்ளரில் குடிக்கிற காலனிக்காரர்கள் கைக்கு ஒரு தாள் வரும். அது பெரும்பாலும் சினிமா விளம்பரத் தாளாக இருக்கும். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் எண்ணெய்க் கறைக்கு நடுவில் ஒருநாள் பிந்தித்தான் பார்த்தார்கள், அதுவும் எழுத்துத் தெரிந்தவர் கையில் வடை அகப்பட்டால்.

அன்றைக்கு அந்தத் துண்டை அவள் பெண்களுக்கு வாசித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மோதலா? நம்ம ஆளுக கையில பறிகூடைதான இருந்துச்சு. மீனு போயி மோதிச்சாக்கும்."

தோள் சரியாகி வேலைக்குப் போன பிறகு, ராக்கப்பன் தினமும் காலையில் மார்க்கெட்டிலிருந்து வரும்போது சொந்தமாக ஒரு பேப்பர் வாங்கி வந்தான். தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பெண்கள் அடுக்க, குருவம்மாள் உரக்க வாசிப்பாள். அடுக்கும் கை நிற்காமல் வாசிக்க ஒரு முறை வைத்திருந்தாள்: பேப்பரைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்துவிடுவாள்; கண் அங்கே, கை இங்கே.

வெறுமனே வாசித்ததோடு நிற்கவில்லை. கண்ணால் பார்த்ததையும் அச்சில் வந்ததையும் வருஷக்கணக்காக ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரு தரப்பினர் என்றால் அடி வாங்கியது நாம். முன்விரோதம் என்றால் ஏன் அடித்தான் என்று நிருபர் கேட்கவில்லை. பலத்த பாதுகாப்பு என்றால் போலீஸ் வந்து காலனிக்குள் நிற்கிறது, ஊருக்குள் நிற்கவில்லை. அமைதி திரும்பியது என்றால் நம் ஆம்பிளைகளை வேனில் ஏற்றியாகிவிட்டது. ராத்திரி வெளிநாட்டு ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்கிற ஆண்கள் சிலர், அதுதான் நிஜம் பேசும் என்று சாதிப்பார்கள். அந்த ரேடியோ பெரிய பெரிய தேசத்துச் சண்டையெல்லாம் சொல்லிற்று. அவர்கள் கண்மாயைப் பற்றி ஒருநாளும் சொல்லவில்லை. ஆகவே குருவம்மாள் சொன்னதுதான் செய்தி.

"ஏட்டி குருவு, பேப்பர்காரன் சொன்னது கெடக்கட்டும். நீ என்ன சொல்லுத?" என்று ஆண்களே வந்து கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு வினையாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கமெல்லாம் ஊருக்கு ஊர் சாதிச் சண்டை மூண்டது. பஸ்ஸை மறித்து, இறங்குகிறவனை எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு அடித்தார்கள். முதல் முறை நடந்தபோது, நிலைமை கட்டுக்குள் இருப்பதாகவும் மக்கள் அச்சமின்றிப் பயணம் செய்யலாம் என்றும் பேப்பரில் போட்டிருந்தது. அதை நம்பிப் பஸ் ஏறிய தவசிமுத்து என்கிற கொத்தனாரை வழியில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு காது கேட்காது. கரண்டி பிடிக்கிற கையில் விரல்கள் மடங்கவில்லை. 'அச்சமின்றி' என்ற சொல்லை அன்றிலிருந்து குருவம்மாள் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அவளுடைய தம்பி இருளப்பசாமி அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதிலியாக இருந்தான். தாய் தகப்பன் இல்லாததால் அக்காள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. யாராவது வராத நாளில் வேலை கிடைக்கும். அப்படியே நாலைந்து வருஷம் ஓட்டியிருந்தான். பெர்மனென்ட் பண்ணப்போகிற பெயர்களில் தன் பெயரும் இருக்கிறது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சுந்தரபாண்டியத்தில் வேல்சாமி என்பவர் மகளைப் பேசி வைத்திருந்தார்கள். பெர்மனென்ட் ஆன கையோடு கல்யாணம் என்று வேல்சாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கு அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிடுவான்.

இரண்டாம் முறை சண்டை மூண்டு, பஸ் நின்று, ஒரு வாரமாக வீட்டில் கிடந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடமிருந்து ஆள் வந்தது: திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வராத பதிலிகளின் பெயரை எடுத்துவிடப் போகிறார்கள், பெர்மனென்ட் பேச்செல்லாம் பொறவு.

போயே ஆக வேண்டும். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

அன்றைய பேப்பரைக் குருவம்மாள் இரண்டு தடவை வாசித்தாள். நாளை முதல் பஸ்கள் போலீஸ் பாதுகாப்புடன் ஓடும். பஸ் மறிக்கப்படும் என்று பரவிய வதந்தியை மக்கள் நம்ப வேண்டாம். அச்சமின்றிப் பயணம் செய்யலாம் என்று அதிகாரி தெரிவித்தார்.

"பஸ்ஸுல போகாதலே. வதந்தின்னு போட்டாம்னா நடக்கப்போகுதுன்னு அர்த்தம்."

ராக்கப்பன் பேப்பரைக் கொடுத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு வேன் போலீஸ் வந்து இறங்கியதைத் தானே பார்த்ததாகவும், டிரைவர்களிடம் பேசியதாகவும், பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஜீப் போகும் என்றும் சொன்னான். இந்தத் தடவை நிஜமாகத்தான் தெரிகிறது என்றான்.

"தவசிமுத்து போனப்பவும் இதே எழுத்துத்தான் போட்டிருந்தான்" என்றாள் அவள்.

"எழுத்து அதேதான். நான் கண்ணால பாத்தத சொல்லுதேன்."

"நீங்க பாத்தது பஸ் ஸ்டாண்டு. மறிக்கது வழியில."

ராக்கப்பன் விட்டுக்கொடுத்துவிட்டான். வாசிக்கத் தெரிந்தவள் அவள். இருளப்பசாமி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் பஸ்ஸில் போகத்தான் இஷ்டம். சட்டை கசங்காது, நேரத்துக்குப் போய்விடலாம். ஆனாலும் அக்காள் சொல்லி இதுவரை தப்பியதில்லை.

விடியுமுன் ராக்கப்பனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரை வழியாகக் கிளம்பினான். கரையைத் தாண்டினால் மாந்தோப்புகளுக்குள் ஒரு வண்டிப்பாதை போகிறது. சுற்றுத்தான், ஆனால் அந்தப் பாதையில் எந்த ஊரும் குறுக்கிடாது. குருவம்மாள் தூக்குச்சட்டியில் புளிச்சோறு வைத்துக் கொடுத்தாள். மில்லில் உருளையில் சுற்றிக்கொள்கிற பஞ்சை அறுக்க ஒரு சிறு கத்தி வைத்திருப்பார்கள். ஒரு வாரமாக வீட்டில் கிடந்த அதையும் மறக்காமல் பைக்குள் போட்டு அனுப்பினாள்.

பஸ் போயிற்று. ஜீப் முன்னால் போக, நாலு பஸ் வரிசையாகப் போய், மத்தியானம் அதே மாதிரி திரும்பியும் வந்தது. காலனியிலிருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தி, மருந்தும் கையுமாக வந்து இறங்கினாள். வழியில் யாரும் ஒரு கல் எறியவில்லை என்றாள்.

இருளப்பசாமி அன்றிரவு வரவில்லை. ஆள் குறைவான சமயங்களில் மில்லில் அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்திக்கொள்வது உண்டு என்பதால் அவர்கள் ரொம்பப் பயப்படவில்லை. காலையில் பேப்பரைக் கொடுத்துவிட்டு ராக்கப்பன் விசாரிக்கக் கிளம்பினான். பஸ்ஸில்தான் போனான்.

பெண்கள் சட்டங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். குருவம்மாள் பேப்பரை விரித்துக் கல் வைத்தாள். முதல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. உள்பக்கத்தில், மூலையில், சின்னதாக ஒரு தலைப்பு.

"கத்தியுடன் பதுங்கிய வாலிபர் கைது" என்று வாசித்தாள். வாசித்துவிட்டு, வழக்கம்போலக் குச்சியைச் செருகிக்கொண்டே பொருள் சொன்னாள். "பதுங்கின்னா ஒண்ணும் இல்ல. எங்கிட்டோ உக்காந்திருந்திருப்பான்."

"ஒண்ணுக்கு உக்காந்திருப்பான்" என்றாள் மாரியாத்தாள். பெண்கள் சிரித்தார்கள்.

குருவம்மாளும் சிரித்தபடி அடுத்த வரிக்குப் போனாள். "மாந்தோப்பில் சந்தேகத்துக்கு இடமான வகையில் பதுங்கியிருந்த..." அதோடு நிறுத்திவிட்டாள். மாரியாத்தாள் பேப்பரையும் அவள் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"ஏட்டி, யாரு பேரு போட்டிருக்கு?"

குருவம்மாள் பேரை வாசித்தாள். தம்பி பேர், அவன் வயசு, காலனியின் பேர், எல்லாம் பிழையில்லாமல் இருந்தது.

நடந்தது ஜாமீனில் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. தோப்புக்குள் கருவேல முள் ஏறி டயர் பஞ்சராகிவிட்டது. பம்புசெட் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து ட்யூபை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். ரோட்டுக்குக் காவல் போட்ட போலீஸ், தோப்புகளுக்குள்ளும் ரோந்து வந்தது. பஸ் ஓடுகிற நாளில் ஒருவன் எதற்குக் காட்டுவழியில் போக வேண்டும் என்று கேட்டார்கள். பயமாக இருந்தது என்று சொன்னான். பையில் கத்தி இருந்தது. புளிச்சோறும் இருந்தது, அது பேப்பரில் வரவில்லை.

மதுரை ஜெயிலில் ஒன்றரை மாதம் போல் இருந்தான். மில்லில் பெயரை எடுத்துவிட்டார்கள். வராததற்காக என்றால் கெஞ்சிப் பார்க்கலாம், இப்போது கேஸ் அல்லவா என்று மேஸ்திரி வருத்தப்பட்டார். பேப்பரை அவரும் வாசித்திருந்தார்.

அவன் வெளியே வருவதற்கு முன்பே குருவம்மாள் சுந்தரபாண்டியத்துக்குப் போனாள். அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. மில் போனால் வேறு மில். வேல்சாமி வீட்டார் நம் ஆட்கள், சொன்னால் புரியும் என்று நினைத்தாள். பேப்பர் எப்படி எழுதும் என்று காலனியில் இருக்கிறவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

வேல்சாமி அவளை உட்காரச் சொல்லி, காப்பி போடச் சொன்னார். முகம் கொடுத்துத்தான் பேசினார். ஆனால் காலண்டருக்குப் பின்னால் அந்தத் துண்டுச் செய்தியைச் செருகி வைத்திருந்தார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. ரேசன் கடைக்காரரிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்.

அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். முள், டயர், மில் கத்தி. பதுங்கி என்ற சொல்லை எதற்குப் போடுகிறார்கள் என்பதையும் சொன்னாள். வேல்சாமி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எழுதுனவனுக்கு என் தம்பி யாருன்னு தெரியுமா மாமா? போலீஸ் சொன்னத அப்படியே எழுதுதான்" என்று முடித்தாள்.

"எனக்கும்தாம்மா அவன யாருன்னு தெரியாது. நீ சொன்னதக் கேட்டுத்தான் சரின்னேன். இப்ப பேப்பர்காரன் ஒண்ணு சொல்லுதான்."

"நம்மளப் பத்தி அவன் என்னைக்கு உண்மை எழுதியிருக்கான்? உங்க ஊருல வீடு எரிஞ்சப்ப என்ன போட்டான், அடுப்புப் பொறி பட்டு எரிஞ்சதுன்னுதான?"

"அது பொய்யி. நான் கண்ணால பாத்தேன்." வேல்சாமி காப்பித் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "இத நான் பாக்கலயே தாயி."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். உள்ளே கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்பது குருவம்மாளுக்குத் தெரிந்தது; வளையல் சத்தம் கேட்டது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள். அந்த ஆவணியிலேயே பெண்ணை ஆலங்குளம் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் தெருவிலும் அது மெல்ல நடந்தது. மாரியாத்தாள் மட்டும் மாறவில்லை. மற்றவர்கள், பாவம் நல்ல பையன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஒருத்தி, குச்சி அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "என்னமோ, சும்மாவா பேரப் போடுவான்" என்றாள். பேப்பரைக் கேட்டுப் பத்து வருஷம் சிரித்தவள் அவள்.

வெளியே வந்த இருளப்பசாமி வீட்டைவிட்டு அதிகம் இறங்கவில்லை. ஜெயிலில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. குனிந்து எடுக்கும்போது மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். குருவம்மாள் அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்தது.

ஒருநாள் மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம், கேட்டான்.

"யக்கா. அன்னைக்கு நான் பஸ்ஸுல போயிருந்தா அடிச்சிருப்பானா, மாட்டானா?"

பஸ் பத்திரமாகப் போய் வந்தது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவன் கேட்டது அதை அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்டான்.

"தெரியாதுலே" என்றாள்.

"அத அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். தெரியாதுன்னு. நான் என் புத்திக்குப் பஸ்ஸுல ஏறியிருப்பேன்."

இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யாரிடமும் அவள் தெரியாது என்று சொன்னதில்லை. கேட்கிறவர்களும் அதைக் கேட்க வரவில்லை.

அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. பொங்கலுக்குக்கூட எப்போதாவதுதான் வந்தான். கேஸ் வாய்தாவுக்கு மட்டும் தவறாமல் வந்து, கோர்ட்டுக்குப் போய்விட்டு, அக்காள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்தான்.

பேப்பர் தொடர்ந்து வந்தது. குருவம்மாள் வாசித்தாள், பொருள் சொல்வதை விட்டுவிட்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், போட்டிருப்பதைத் திரும்ப ஒருமுறை வாசிப்பாள். நாளடைவில் கூட்டம் குறைந்தது. கொஞ்சம் பேர் டிவி வாங்கினார்கள். பெண்கள் அங்கே போய் உட்கார்ந்து அடுக்கினார்கள்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் கேஸ் தீர்ந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. இருளப்பசாமிக்கு அதற்குள் காதோரம் நரைத்திருந்தது. கல்யாணம் ஆகவில்லை. தீர்ப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தவன், ஷிப்டு இருக்கிறது என்று சொல்லித் திருப்பூருக்கே பஸ் ஏறினான்.

குருவம்மாள் மறுநாள் பேப்பரில் தேடினாள். அதற்கு மறுநாளும் தேடினாள். பிறகு அந்தப் பேப்பருக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புகிற காசிராஜனைப் பார்க்கப் போனாள். பஸ் ஸ்டாண்டு எதிரில் டெலிபோன் பூத் வைத்திருந்தவர் அவர். தினமும் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, சொல்வதை எழுதி மதுரைக்கு அனுப்புவார். கெட்டவர் இல்லை. அவளை உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார். பழைய செய்தி அவருக்கு நினைவில்லை. அந்த நாட்களில் எவ்வளவோ எழுதினேனே அம்மா என்றார்.

தம்பிக்கு விடுதலை ஆகிவிட்டது என்று போட முடியுமா என்று கேட்டாள்.

"விடுதலைக்கெல்லாம் எடம் கெடைக்காதும்மா. நான் அனுப்புனாலும் அங்க வெட்டிருவாங்க."

"பிடிச்சதுக்கு எடம் இருந்துச்சே."

"அது அன்னைக்குச் செய்தி" என்றார் காசிராஜன். போன் அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தார். அவள் ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரம் அவள் குச்சி வாங்கப் போகவில்லை. தானே போய்ச் சொன்னாள். முதலில் தன் தெருவில், வீடு வீடாக. அடுத்து மில்லுக்குப் போய்க் கேட்டுக்கு வெளியே நின்று மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினாள். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார் என்றார்கள். கடைசியாகச் சுந்தரபாண்டியத்துக்குப் போனாள். அங்கே இனி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்று ராக்கப்பன் சொல்லித்தான் பார்த்தான். இருந்தாலும் அவள் போனாள்.

வேல்சாமி படுக்கையில் இருந்தார். பக்கவாதம். அவர் சம்சாரம் வெளியே வந்து, யாரென்று அடையாளம் தெரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுத்தாள். குருவம்மாள் நின்றபடியே, என் தம்பிமேல் குற்றம் இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள், அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள்.

அந்த அம்மாள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். நல்ல பையன்தான், என்ன நேரமோ அப்படி அமைந்துவிட்டது என்றாள். உள்ளே திரும்பி, புருஷனுக்குக் கேட்கும்படி உரக்க அதைச் சொன்னாள். அவர் குழறலாக என்னவோ கேட்டார். அவள் குனிந்து கேட்டுவிட்டு வந்தாள்.

"பேப்பர்ல போட்டாச்சான்னு கேக்காக."

"இல்ல மதினி" என்றாள் குருவம்மாள். "நாந்தான் சொல்லுதேன்."

அந்த அம்மாள் அதை உள்ளே போய்ச் சொல்லவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குருவம்மாள் குடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தம்பியைப் பிடித்த விவரம் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், பேப்பர் வந்த அன்றைக்கே தெருவுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று என்று அந்த அம்மாள் சொன்னாள்.

குருவம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.